உள்ளானின் முட்டி வரை தண்ணீர்

டிசம்பரில் சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போய்விட்டு, "நாமக்கோழியைத் தவிர ஒன்றையும் காணோமே" என்று அலுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் நிறைய. அதே ஆட்களைப் பிப்ரவரி கடைசியில் அதே இடத்தில் நிறுத்தினால் குறிப்பேட்டில் பக்கம் போதாது. வலசை தாமதமாகிவிட்டது, குப்பைமேட்டுப் புகை விரட்டிவிட்டது என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் தண்ணீரின் ஆழம்தான். எந்தப் பறவை எங்கே நிற்கும் என்பதையும், தன்னார்வலர்கள் எந்த வாரத்தில் எந்த வேலையைத் தொடலாம் என்பதையும் அதுதான் முடிவு செய்கிறது. இது புரியாமல் செய்கிற கணக்கெடுப்பும் சரி, தூய்மைப்பணியும் சரி, பாதி வீண்.

பள்ளிக்கரணை ஒரு தட்டு மாதிரி. வேளச்சேரி, நாராயணபுரம் என்று சுற்றியுள்ள ஏரிகளின் உபரிநீர் அதில் இறங்கும். வெளியேற ஒக்கியம் மடுவுதான் வழி. அங்கிருந்து பக்கிங்காம் கால்வாய், பிறகு கோவளம் கழிமுகம், கடல். வடகிழக்குப் பருவமழை வெளுத்து வாங்கிய வருடத்தில் நவம்பர் இறுதியில் தட்டு விளிம்பு வரை நிரம்பிவிடும். நீந்தும் பறவைக்குக் கொண்டாட்டம், நடக்கும் பறவைக்கு இடமே இல்லை.

ஆழத்தை அளக்க ஓர் எளிய வழி உண்டு. சேற்றோரம் நடந்து இரை தேடும் நெடுங்கால் உள்ளானை ஸ்கோப்பில் (முக்காலியில் வைக்கும் தொலைநோக்கியில்) பாருங்கள். அதன் இளஞ்சிவப்புக் காலின் நடுவே முட்டி மாதிரி ஒரு மூட்டு தெரியும் (உண்மையில் அது கணுக்கால்). தரையிலிருந்து அந்த மூட்டு வரை 11 முதல் 13 சென்டிமீட்டர். தண்ணீர் மூட்டைத் தொட்டால் அந்த இடத்தில் ஆழம் ஏறக்குறைய அரைச் சாண். அதே கணக்கில் பொறி உள்ளானுக்கு அந்த மூட்டு நாலு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, கொசு உள்ளானுக்கு இரண்டே சென்டிமீட்டர். கருவால் மூக்கனுக்கு ஏழு போல. பூநாரைக்கு முப்பது. ஆக, கரையிலிருந்து நடுப்பகுதி வரை எந்தப் பறவை எங்கே நிற்கிறது என்று வரைந்துகொண்டாலே, காலை நனைக்காமல் சதுப்பின் ஆழ வரைபடம் கையில் வந்துவிடும்.

வாத்துகளின் கதை வேறு. நீலச்சிறகு வாத்து, ஊசிவால் வாத்து, ஆண்டி வாத்து எல்லாம் மூழ்கிப் போய் இரை தேடாது. தலையைக் கவிழ்த்து, வாலை மேலே தூக்கி, கழுத்து எட்டுகிற ஆழத்தில்தான் மேயும். கழுத்து நீண்ட ஊசிவால் வாத்து கொஞ்சம் ஆழமான இடத்திலும் சமாளிக்கும். ஒரு முழத்துக்குமேல் தண்ணீர் நின்றால் இவை அங்கே ஓய்வெடுக்கும், இரை எடுக்காது. முக்குளிப்பானும் நீர்க்காகமும் கூழைக்கடாவும்தான் ஆழமான பகுதியின் குடிமக்கள்.

மழை நின்றபின் ஆவியாதல் மட்டுமே வாரத்துக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீரைக் குறைக்கும். அதிகமாகத் தோன்றாது. ஆனால் சதுப்பின் சரிவு அவ்வளவு மெல்லியது. ஐந்நூறு அடிக்கு ஓர் அடி சரிவு என்று வைத்துக்கொண்டால், தண்ணீர் 5 சென்டிமீட்டர் இறங்கும்போது 25 மீட்டர் அகலச் சேறு வெளியே வரும். கரைப்பறவைகள் காத்திருப்பது அந்தப் பட்டைக்காகத்தான்.

ஆகவே ஜனவரி கணக்கெடுப்பில் உள்ளான்கள் குறைந்துவிட்டன என்று பதறுவதற்குமுன் அந்த வருட மழையைப் பாருங்கள். மழை கொட்டிய வருடத்தில் மாவட்டம் முழுக்க ஏரிகள் நிரம்பியிருக்கும். வாத்துகள் நூறு இடங்களில் சிதறிக் கிடக்கும். மழை பொய்த்த வருடத்தில் தண்ணீர் இருக்கும் நாலைந்து இடங்களில் எல்லாம் குவியும். "இந்த வருடம் சாதனை எண்ணிக்கை" என்ற செய்தி சில நேரம் வறட்சியின் செய்திதான்.

எங்கே நிற்பது? துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலை சதுப்பைக் கிழக்கு மேற்காக வெட்டிக்கொண்டு போகிறது. குளிர்காலச் சூரியன் நாள் முழுக்கத் தெற்கே சாய்ந்தே நகரும். சாலையின் தெற்குப் பக்கம் பார்த்து நின்றால் காலை முழுதும் எதிர்வெளிச்சம், எல்லாப் பறவையும் கறுப்புப் பொம்மை. வடக்கே பார்த்தால் வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னால். தெற்குப் பகுதியை எண்ண வேண்டுமென்றால் சூரியன் உயர்வதற்கு முன்பே முடியுங்கள். ஜனவரி நடுவில் சூரிய உதயம் சுமார் 6.35. ஆறே காலுக்கு இடத்தில் இருந்தால் போதும். ஒன்பதரைக்குமேல் தண்ணீரின் மேல் கானல் ஆடத் தொடங்கும். அதற்குப் பிறகு 60 மடங்கு பெருக்கத்தால் பயனில்லை, கானலும் அறுபது மடங்காகும்.

சாலையோரத்தில் ஸ்கோப் வைப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி லாரி. பாலத்தின் மேல் ஒவ்வொரு லாரி போகும்போதும் ட்ரைபாட் நடுங்கும். கால்களை முழுக்க நீட்டாமல் தாழ்வாக வைத்து, நடுத்தண்டில் பையைத் தொங்கவிட்டு, 25 அல்லது 30 மடங்கில் நிறுத்திக்கொள்ளுங்கள். வண்டி ஓடும் பகுதியில் ஒரு கால்கூட வேண்டாம். சாலையோரமே உள்ள சூழலியல் பூங்காவின் நடைபாதையில் நின்றால் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் அது திறக்கும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். சதுப்பின் உள்ளே இறங்குவது வேறு விஷயம். 2007 முதல் காப்புக்காடாக இருக்கும் இடம், 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே ஓர் அடி வைப்பதும் குற்றம்.

போகி அன்று காலை கணக்கெடுப்பு வைக்காதீர்கள். சென்னையில் அன்றைய விடியல் புகைமூட்டம் எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு அதை ஒட்டிய நாட்களில் வருவதால் ஆர்வக்கோளாறில் சிலர் போகிக் காலையிலேயே கிளம்பிவிடுகிறார்கள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் 1987 முதல் ஜனவரியில்தான் நடக்கிறது. இரண்டுக்கும் ஒரே காலைப்பொழுதின் பட்டியலே உதவும், ஒழுங்காக எடுத்திருந்தால்.

ஒழுங்காக எடுப்பதற்குக் குறைந்தது மூன்று பேர் வேண்டும். ஒருவர் ஸ்கோப்பில் கண் வைத்து எண்களைச் சொல்வார், கண்ணை எடுக்கவே மாட்டார். ஒருவர் எழுதுவார். மூன்றாமவர் வெறுங்கண்ணால் வானத்தைப் பார்த்து எது எங்கிருந்து கிளம்பி எங்கே இறங்கியது என்று குறிப்பார். இந்த மூன்றாவது வேலையைத்தான் எல்லோரும் வெட்டி வேலை என்று நினைத்துப் புதியவருக்குக் கொடுக்கிறார்கள். இரட்டை எண்ணிக்கையைத் தடுப்பது அவர் ஒருவர்தான், அனுபவசாலியை அங்கே போடுங்கள்.

சதுப்பை மின்கம்பம், கட்டடம், புல்திட்டு என்று அசையாத அடையாளங்களை வைத்து ஐந்தாறு துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடமிருந்து வலம் ஒரே திசையில் நகருங்கள். முப்பது வரை ஒவ்வொன்றாக எண்ணலாம். கூட்டம் பெரிதானால் முதலில் பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள். அதைப் பத்து முறை நகர்த்தினால் நூறு. பிறகு அந்த நூறுதான் உங்கள் படி. கூட்டத்தின் நடுப்பகுதி நெருக்கமாகவும் ஓரம் கலைந்தும் இருக்கும், ஒரே படியால் இரண்டையும் அளக்காதீர்கள். பெரிய கூட்டத்தை மனிதக் கண் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடும். சந்தேகமென்றால் ஒன்றோடொன்று சற்று மேற்படும்படி வரிசையாகப் படம் எடுத்து, வீட்டில் போய்ப் புள்ளி வைத்து எண்ணுங்கள். ஆயிரம் என்று எழுதியது ஆயிரத்து நானூறாக இருப்பதைப் பார்க்கும்போது அடுத்த முறை கண் தானே திருந்தும்.

சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வந்தால் வேலை நின்றுவிடும். முதலில் ஆள்காட்டி கத்தும். அடுத்த நொடி நீலச்சிறகு வாத்துகள் மொத்தமாக எழும், சிறகடிப்புச் சத்தம் சாலை இரைச்சலையும் தாண்டிக் கேட்கும். இரண்டு மூன்று வட்டம் அடித்துவிட்டு வேறு துண்டில் இறங்கும். நாமக்கோழிகள் பறக்காது, நெருக்கியடித்து ஒரே கறுப்புத் திட்டாகும். அந்த நேரத்தில் "முன்பு எண்ணியது 220, இப்போது வந்தது 150" என்று கூட்டினால் பட்டியல் கெட்டது. எழுதியதை அடித்துவிட்டுப் பத்து நிமிடம் பொறுத்து, எல்லாம் அமர்ந்தபின் முதல் துண்டிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

பறவைப் பட்டியல்களைச் சேர்க்கும் இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றும்போது எண்ணுக்குப் பதில் எக்ஸ் (பார்த்தேன், எண்ணவில்லை) போடும் பழக்கத்தை விடுங்கள். நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் எக்ஸுக்கு மதிப்பே இல்லை, தோராய எண்ணாவது எழுதுங்கள். சாலையின் வடக்கு, தெற்கு இரண்டுக்கும் தனித்தனிப் பட்டியல் போட்டால் பின்னால் ஆழத்தோடு ஒப்பிட வசதி. தாழைக்கோழியும் நீலத் தாழைக்கோழியும் சம்புக்குள் ஒளிந்திருப்பவை, கண்ணில் படுவது ஒரு பங்குதான். அதனால் ஒவ்வொரு வருடமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நின்று எண்ணினால்தான் ஒப்பிட முடியும்.

அடையாளத்தில் தப்பு வருவது வாத்துகளில்தான் அதிகம். நவம்பர், டிசம்பரில் நீலச்சிறகு வாத்தின் ஆணும் பெட்டை மாதிரி பழுப்பாகவே இருக்கும். அழகிய வெள்ளைப் புருவம் ஜனவரிக்குப் பிறகுதான் பளிச்சென்று தெரியத் தொடங்கும். அதனால் "பெட்டைகள் மட்டும் வந்திருக்கின்றன" என்று எழுதாதீர்கள். பெட்டை மாதிரித் தெரிவதில் முகத்தைப் பாருங்கள். கண்ணுக்கு மேலும் கீழும் வெளிர்க்கோடுகள், அலகின் அடியில் வெளிர்ப்புள்ளி இருந்தால் நீலச்சிறகு. முகம் பட்டையின்றிச் சாதாரணமாக இருந்து, வாலடியோரம் ஒரு வெளிர்க்கீற்று தெரிந்தால் கிளுவை. ஆண்டி வாத்துக்கு அலகே போதும், உடம்புக்குப் பொருந்தாத அகப்பை. அவை வட்டமாகச் சுற்றி நீந்தி, முன்னால் போகிறது கலக்கிவிட்டதைப் பின்னால் வருவது வடிகட்டித் தின்னும். அலகு தெரியாத தூரத்திலும் அந்தச் சுழற்சி காட்டிக்கொடுக்கும்.

உள்ளான்களில் அளவை நம்பாதீர்கள், காலையும் அலகையும் நம்புங்கள். கொசு உள்ளானுக்குக் கறுப்புக் கால். பச்சைக்காலியின் அலகு தடித்து லேசாக மேலே வளைந்திருக்கும், சதுப்பு உள்ளானின் அலகு ஊசி. எது என்று தெரியவில்லையா, "இனம் தெரியாத உள்ளான் 40" என்று எழுதுங்கள். அது தோல்வியில்லை. நாற்பதையும் பொறி உள்ளான் கணக்கில் தள்ளுவதுதான் தோல்வி.

இனி மண்வெட்டி வேலை. தன்னார்வலர் என்றால் பச்சை டி-சர்ட், மரக்கன்று, படம் என்று ஆகிவிட்டது. சதுப்புநிலத்தில் மரக்கன்று நடுவதுதான் முதல் தவறு. கரைப்பறவைக்கு நாலாபக்கமும் திறந்த வெளி வேண்டும், வல்லூறு வருவதைத் தூரத்திலேயே பார்க்க வேண்டும். சேற்றோரம் வரிசையாக மரம் வளர்ந்தால் காகமும் பருந்தும் உட்கார்ந்து பார்க்க மாடம் கட்டிக்கொடுத்த மாதிரி. கூடுகட்டும் பறவைக்கு மரம் தேவை, வேடந்தாங்கலில் கடம்பும் கருவேலமும் இல்லாவிட்டால் கூடு இல்லை. ஆனால் அது மரமுள்ள ஏரி, இது புல்வெளிச் சதுப்பு.

ஆகாயத்தாமரை அகற்றுவதில் கணக்கு தெரிந்து இறங்குங்கள். அதன் எடையில் தொண்ணூறு விழுக்காட்டுக்குமேல் தண்ணீர். நெருக்கமாக மூடிய ஒரு ஏக்கரில் நூறு டன்னுக்கு மேலும் இருக்கலாம். இருபது பேர் இரண்டு மணி நேரத்தில் எடுப்பது ஒரு மூலை. சாதகமான சூழலில் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும் செடி அது. கழிவுநீரின் சத்து வந்துகொண்டே இருக்கும் வரை நடுச்சதுப்பில் பிடுங்குவது ஈரத்துணியால் மழையைத் துடைக்கிற வேலை. நீர் நுழையும் வாய்க்காலின் வாயில் பிடுங்குங்கள், பரவல் அங்கிருந்துதான்.

காற்றையும் பயன்படுத்துங்கள். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குக் காற்று மிதக்கும் செடியையெல்லாம் தென்மேற்கு மூலைக்குத் தள்ளிக்கொண்டுபோய்ச் சேர்க்கும். அங்கே காத்திருந்தால் பாதி வேலையைக் காற்றே செய்துவிடும். ஆனால் காற்று திரும்பினால் எல்லாம் மறுபடி கலைந்துபோகும். மூடி இறுகிய காலி கேன்களை ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாகக் கயிற்றில் கட்டி, இரு முனையிலும் மூங்கில் அடித்து ஒரு மிதவைத் தடுப்பு போட்டுவிடுங்கள். கயிற்றை இறுக்கிக் கட்டினால் தண்ணீர் இறங்கும்போது அந்தரத்தில் தொங்கும். ஒரு முழம் தளர்வு விட வேண்டும்.

கரையில் நின்று தொரட்டியாலோ நீண்ட வாருகோலாலோ இழுங்கள். இழுத்ததும் வேரைத் தண்ணீரிலேயே நாலு உதறு. வேருக்குள் மீன்குஞ்சும் தலைப்பிரட்டையும் இருக்கும், அவற்றையும் குவியலில் போடுவது கொள்ளை. பிறகு நீர்மட்டம் ஏறினாலும் எட்டாத தூரத்தில், சதுப்பைப் பார்த்துச் சரியாத மேட்டில் குவியுங்கள். கரையோரமே விட்டுவிட்டுப் போனால் அடுத்த மழை அதைப் பத்திரமாக உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கும். முறிந்து விழும் துண்டுகளையும் பொறுக்க வேண்டும், ஒவ்வொரு துண்டும் ஒரு செடி.

எல்லாவற்றையும் வழித்து எடுத்துவிடவும் கூடாது. நீளவால் இலைக்கோழி நடப்பதே அந்த இலைகளின் மேல்தான், செந்நாரை மறைந்து நிற்பதும் அதன் ஓரத்தில்தான். பாதி திறந்த நீர், பாதி புல்லும் கோரையும் என்ற கலவைதான் அதிக இனங்களைத் தாங்கும். பளிங்கு மாதிரி சுத்தமான ஏரியில் நீர்க்காகம் மட்டும் மிஞ்சும்.

நெய்வேலிக் காட்டாமணக்கு வேறு வகை எதிரி. வெட்டினால் வெட்டிய ஒவ்வொரு துண்டும் ஈரமண்ணில் வேர்விடும். வெட்டி வாய்க்காலில் போட்டவர்கள் நாற்றுவிட்டவர்கள். வேரோடு பிடுங்கி, உலர்ந்த கட்டாந்தரையில் பரப்பிக் காயவிட வேண்டும். சீமைக் கருவேலத்தில் அடிக்கட்டை தளிர்க்கும். மண்ணுக்குக் கீழே ஒரு சாண் வரை தோண்டி வேர்க்கழுத்தை எடுக்காமல் வெறுமனே வெட்டினால் ஒரு கிளை இருந்த இடத்தில் ஆறு கிளை வரும். கோடரி எடுக்கும் முன் மரத்தில் கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். எதையும் எரிக்காதீர்கள், காய்ந்த கோரைக்கு ஒரு பொறி போதும்.

குளிர்காலத்தில் கரையோரக் கைவேலை மட்டும். இயந்திரம், ஆட்கூட்டம், ஒலிபெருக்கி எதுவும் மார்ச்சு வரை வேண்டாம். ஒரு முறை விரட்டப்பட்ட வாத்துக் கூட்டம் பகல் ஓய்வை இழக்கும், இரவில்தான் அவை மேயப் போகின்றன. கோடையில் பெரிய வேலை செய்யலாம் என்றாலும் ஏப்ரலிலிருந்து நெடுங்கால் உள்ளான் காய்ந்த சேற்றில் முட்டையிடத் தொடங்கும். ஆளைப் பார்த்ததும் கத்திக்கொண்டே தலைக்குமேல் சுற்றினால் கூடு பக்கத்தில். வந்த வழியே திரும்புங்கள்.

குப்பை பொறுக்கும் நாளில் நைலான் வலைத்துண்டும் தூண்டில் நரம்பும்தான் முதலில் போக வேண்டியவை, காலிபாட்டில் அல்ல. எடை சொல்லும்போது ஈரம் வடிந்தபின் நிறுங்கள். "ஒரு டன் அகற்றினோம்" என்பதில் பாதி சதுப்புத் தண்ணீரே. நரம்பில் சிக்கிய கொக்கைக் கண்டால் முதலில் துண்டைப் போட்டு மூடி, இறக்கையை உடம்போடு அணையுங்கள். அலகை ஒரு கையால் கட்டாயம் பிடிக்க வேண்டும், அது கண்ணைக் குறிவைத்துக் குத்தும். நரம்பை இழுக்காமல் கத்தரியால் துண்டு துண்டாக நறுக்குங்கள். முள் உள்ளே போயிருந்தால் தொடாமல் வனத்துறையை அழையுங்கள். செத்த பறவையை வெறுங்கையால் தொடவே கூடாது. நாலைந்து ஒரே இடத்தில் கிடந்தால் படமும் இடமும் அனுப்பி உடனே தெரிவியுங்கள்.

காலில் கம்பூட்ஸ் போட்டு ஆழச்சேற்றில் இறங்காதீர்கள். உள்ளே தண்ணீர் புகுந்தால் இழுத்து வைத்துவிடும். கணுக்கால் வரை இறுக்கிக் கட்டிய கான்வாஸ் ஷூ மேல். முன்னால் கழியால் குத்திப் பார்த்து நடங்கள், தனியாக இறங்காதீர்கள். புதைந்தால் பின்னால் சாய்ந்து, காலை ஆட்டி ஆட்டி எடுங்கள், வெடுக்கென்று இழுத்தால் இன்னொரு காலும் போகும். காலில் வெட்டுக்காயம் இருந்தால் அன்று கரையில் எழுதும் வேலை. எலிக்காய்ச்சல் இரண்டு நாளிலும் வரும், ஒரு மாதம் கழித்தும் வரும். காய்ச்சல் கண்டால் சதுப்பில் இறங்கியதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இத்தனையும் செய்து ஆழத்தை எழுதாமல் விட்டால் அடுத்த வருடம் ஒன்றும் விளங்காது. அனுமதி வாங்கி ஓர் அளவுகோல் நடுங்கள். இரண்டு இஞ்சு பிவிசி குழாய், 5 சென்டிமீட்டருக்கு ஒரு பட்டை, கறுப்பும் மஞ்சளும் மாறி மாறி எனாமல் பெயின்ட். பைனாகுலரில் கரையிலிருந்தே படிக்கிற மாதிரி எண் பெரிதாக இருக்கட்டும். சேறு இளகினால் குழாய் இறங்கும், பார்ப்பவருக்குத் தண்ணீர் ஏறிய மாதிரி தெரியும். அதனால் பக்கத்துச் சிறுபாலத்தின் கான்கிரீட்டில் ஒரு கோடு கிழித்து, நட்ட அன்று கோட்டிலிருந்து தண்ணீர் எவ்வளவு கீழே என்று அளந்து எழுதி வையுங்கள். மாதம் ஒரு முறை இரண்டையும் ஒப்பிட வேண்டும். ஞாயிறுதோறும் அளவை எழுதி, அதன் பக்கத்தில் நெடுங்கால் உள்ளான் எந்தப் பட்டையருகே மூட்டு நனைய நின்றது என்றும் ஒரு வரி எழுதுங்கள். குழாயை யாராவது பிடுங்கிக்கொண்டு போனாலும் அந்த வரி இருக்கும்.